பழைய சி.எம்.எம். சீரமைப்பு சேவை: மெக்கானிக்கல் வேலைக்கு முழு மார்க், சர்டிபிகேட்டுக்குப் பாதி

கோவையிலிருந்து வந்து, மெஷின் நிற்கிற இடத்திலேயே சீரமைத்து, காலிப்ரேஷன் (அளவுத் துல்லியச் சோதனை) வரை முடித்துத் தரும் ஒரு சிறிய குழுவின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. மெஷின், கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஒரு பட்டறைக்கு வந்த பழைய சி.எம்.எம். (பாகங்களைத் தொட்டு மூன்று அச்சிலும் அளவெடுக்கும் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின்); டேபிளுக்கு மேல் பாலம் போல நிற்கும் பிரிட்ஜைக் கையால் தள்ளும் மானுவல் வகை. கிரானைட் டேபிள், பிரிட்ஜைக் காற்றுப் படலத்தில் மிதக்க வைக்கும் ஏர் பேரிங், நகர்வைப் படிக்கும் கண்ணாடி ஸ்கேல், பட்டதும் அளவைப் பதிக்கும் டச் ட்ரிக்கர் புரோப், விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் கம்ப்யூட்டர்.

இவர்களிடம் முதலில் பிடித்த விஷயம், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே "வந்த நிலை" அளவுகளை எடுத்து எழுதிக்கொண்டது. இது இல்லாமல் வேலையை ஆரம்பிக்கிறவர்களிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். முன்னால் எவ்வளவு தப்பு இருந்தது என்று தெரியாவிட்டால், எதைச் சரிசெய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. போன வருஷம் அந்த மெஷினில் அளந்து அனுப்பிய சரக்கைச் சந்தேகப்படலாமா வேண்டாமா என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அடுத்து காற்று. தாமிரபரணிக் கரையில் ஏர் பேரிங்குக்கு எமன் ஈரம்தான். கணக்கு எளிது: 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். அதை 7 பார் அழுத்தத்துக்கு அமுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆற விட்டால், 4 கிராமுக்கும் குறைவாகத்தான் ஆவியாக நிற்கும். மீதி 19 கிராமும் டேங்கிலும் குழாயிலும் தண்ணீராக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது இன்னும் மோசம். வழக்கமான தண்ணீர் பிரிப்பான் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு மெஷினை ஓட்டினால், பேரிங் பேடின் (காற்று வெளிவரும் தட்டின்) துளையில் தண்ணீரும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து பிசினாகப் படிந்துவிடும். இந்தக் குழு போட்ட வரிசை சரியானது: டேங்க், 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) ஃபில்டர், ரெஃப்ரிஜரேஷன் டிரையர், அதற்குப் பின் எண்ணெய் பிடிக்கும் 0.01 மைக்ரான் ஃபில்டர், கடைசியில் மெஷின் பக்கத்தில் ரெகுலேட்டர். அழுத்தத்தை மெஷின் தகட்டில் போட்டிருக்கிற அளவுக்கே வைத்தார்கள். கூட்டி வைத்தால் நன்றாக மிதக்கும் என்று நினைத்துத் திருகுகிறவர்கள் உண்டு. இடைவெளி பெரிதாகி, பிரிட்ஜ் நடுங்க ஆரம்பிக்கும்.

பேடுகளை ஐசோ புரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் வைத்துத் துடைத்தார்கள். துளைக்குள் ஊசி விடவில்லை. விட்டுத் துளை பெரிதானால் அந்த பேட் மட்டும் தனியாகத் தூக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பேடுக்கும் பக்கத்தில் ஒரு மைக்ரான் லீவர் டயலை வைத்து, காற்றைத் திறந்து மூடித் தூக்கல் பார்த்தார்கள். ஐந்திலிருந்து பத்து மைக்ரானுக்குள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு, மூன்றிலேயே நின்றால் அங்கேதான் அடைப்பு. காற்று இல்லாமல் பிரிட்ஜைத் தள்ளவே கூடாது என்பதை ஆபரேட்டருக்குச் சொல்லிக் கொடுத்ததோடு, அழுத்தம் குறைந்தால் அலறும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்து மாட்டினார்கள். ஆடிக் காற்றில் தேரி மண் பறக்கிற திசையன்விளை பக்கம் மெஷின் வைத்திருப்பவர்கள் டேபிளை மூடி வைக்கும் உறையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையான திறமை தெரிந்த இடம் ஸ்கொயர்னஸ், அதாவது அச்சுகள் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் இருப்பது. 400 மி.மீ. பால் பாரை (இரு முனையிலும் பந்து உள்ள கம்பி) டேபிள் மேல் 45 டிகிரியிலும் 135 டிகிரியிலும் வைத்து அளந்தால், இரண்டு நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 400 மி.மீ.ஆல் வகுத்தது எக்ஸ்-ஒய் ஸ்கொயர்னஸ் பிழை. 10 மைக்ரான் வித்தியாசம் என்றால் சுமார் 5 கோண விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒன்று ஒரு விநாடி). டேபிள் மட்டத்தில் வந்தது 2 மைக்ரான், பிரமாதம். பலர் இத்தோடு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இவர்கள் அதே பாரை 300 மி.மீ. உயரத்தில் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து மறுபடி எடுத்தபோது வித்தியாசம் 8 மைக்ரான். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ஸ்கொயர்னஸ் மாறினால் அது ஸ்கொயர்னஸே இல்லை. கிரானைட் முறுக்கிக்கொண்டு, பிரிட்ஜ் ஒய் திசையில் போகப் போகப் பக்கவாட்டில் சாய்கிறது என்று பொருள். குனிந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. டேபிள் மூன்று காலில் நிற்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற பாதுகாப்புக் கால்கள் இரண்டும் கிரானைட்டைத் தொடாமல் இடைவெளி விட்டு இருக்க வேண்டும். ஹைட்ரா கிரேனில் இறக்கியவர்கள் ஆடாமல் இருக்கட்டும் என்று ஐந்தையும் இறுக்கிவிட்டிருந்தார்கள். அந்த இரண்டைத் தளர்த்தி, மூன்று காலில் லெவல் பார்த்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டு மறுநாள் அளந்தபோது மேலும் கீழும் ஒன்றாக வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கொயர்னஸ் நம்பரைத் தட்டி மறைத்திருந்தால் கீழ்ப் பாதி சரியாகவும் மேல் பாதி தப்பாகவும் இருந்திருக்கும்.

ஸ்கேல் வேலையில் விசேஷம் இல்லை, ஆனால் செய்தார்கள். "அண்ணாச்சி, ஜீரோ திரும்ப வர மாட்டேங்குது" என்று ஆபரேட்டர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேலைப் படிக்கும் ரீடர் ஹெட்டும் எர்த்தும். ஒரு கட்டையில் ஒரு புள்ளியைத் தொட்டு, அச்சை முழு ஓட்டத்துக்கு வேகமாகப் போய்வர விட்டு, மறுபடி அதே புள்ளியைத் தொடுங்கள். சில மைக்ரான் நகர்ந்தால் புரோப்போ பேரிங்கோ காரணமாக இருக்கலாம். வித்தியாசம் பெரிதாக, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தால் எண்ணிக்கை விடுபடுகிறது. ஸ்கேலில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அல்லது பட்டறையின் வெல்டிங் மெஷினோடு ஒரே எர்த்தில் இணைந்திருக்கும்.

குறை சொல்ல வேண்டிய இடம் காலிப்ரேஷன் தாள். முதலில் கொடுத்ததில் மூன்று அச்சுகளில் மட்டும் ஸ்டெப் கேஜ் (தெரிந்த நீளப் படிகள் கொண்ட கேஜ்) அளவு இருந்தது, தலைப்பில் சி.எம்.எம். சோதனைக்கான சர்வதேசத் தரநிலையின் பெயரை, "ஐ.எஸ்.ஓ. 10360-2 அடிப்படையில்" என்று போட்டிருந்தார்கள். அந்தத் தரநிலை கேட்பது ஏழு நிலைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நீளம், ஒவ்வொரு நீளத்தையும் மூன்று முறை, ஆக 105 அளவுகள். அந்த ஏழில் நான்கு, மூலைக்கு மூலை போகும் மூலைவிட்டங்கள். முறுக்கும் ஸ்கொயர்னஸும் வெளியே தெரிவது அங்கேதான். அச்சுகளை மட்டும் எடுத்தால் மெஷின் எப்போதும் நல்ல பிள்ளையாகவே தெரியும். கேட்ட பிறகு நான்கையும் எடுத்துக் கொடுத்தார்கள். கேட்காமலே தந்திருக்க வேண்டும். புரோப் சோதனைக்கு முதலில் மெஷினோடு வந்த ரெஃபரன்ஸ் பந்தையே வைத்ததும் தப்பு. 10360-5 சோதனைக்குத் தனியாக அளவு சான்று பெற்ற பந்து வேண்டும், அதில் 25 புள்ளிகள் தொட வேண்டும்.

வெப்பநிலைக் கட்டத்தில் "20 ± 2" என்று அச்சடித்தே வந்தது இன்னொரு எரிச்சல். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் போதாது. கேஜிலும் ஸ்கேல் பக்கத்திலும் சென்சார் ஒட்டி எடுத்த எண் வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் நீளும், கண்ணாடி ஸ்கேல் சுமார் 8, அலுமினியம் 23. ஏ.சி. ஓடாத அறை 20-க்குப் பதில் 28 டிகிரியில் இருந்தால், ஸ்கேலும் கூடவே நீள்வதைக் கழித்த பிறகும், 300 மி.மீ. ஸ்டீல் பீஸ் 8 மைக்ரானுக்கு மேல் பெரிதாகக் காட்டும். அதே நீள அலுமினியம் 36 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சித்திரை வெயிலில் ராத்திரி ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காலையில் எட்டு மணிக்குப் போட்டு ஒன்பதுக்கு அளக்கிற பட்டறைகள், எந்த சர்டிபிகேட் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. அறை ஒரு மணி நேரத்தில் ஆறும், கிரானைட் ஆறாது.

கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி அவசரப்படுத்தவில்லை என்பது நல்லது. ஹார்ட் டிஸ்கை முழுசாகப் பிரதி எடுத்து, மதர்போர்டு பேட்டரியை மாற்றி, மெஷினின் பிழைத் திருத்தக் கோப்பைத் தனியாக ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். அந்தக் கோப்பு அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமே உரியது. தொலைந்தால் லேசர் கொண்டுவந்து 21 பிழைகளையும் மறுபடி அளக்க வேண்டும். அந்தச் செலவில் மெஷினின் விலையே அடிபட்டுப் போகலாம். சாஃப்ட்வேரைத் திறக்கும் டாங்கிளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது உதவும்? இந்த மெஷினின் கையேடு சொல்லும் பிழை வரம்பு 3.5 + 4.5L/1000 மைக்ரான் (L என்பது மி.மீ.யில் அளக்கும் நீளம்). 25 மி.மீ. ஹெச் 7 தரத் துளைக்கு டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) 21 மைக்ரான்; கூட்டியும் கழித்தும் 3.6 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கை மெஷினே தின்றுவிடும். சமாளிக்கலாம். அதைவிட இறுக்கமான ஹெச் 6 என்றால் 13 மைக்ரான்தான், பாதிக்கு மேல் போய்விடும். அதற்குத் துளையைக் காற்றால் அளக்கும் ஏர் கேஜ் வாங்குங்கள். துளைகளின் இடைவெளி, பம்ப் பாடி, காற்றாலை உதிரிப் பாகம், ஃபிக்ஸ்சர் தட்டு மாதிரி ±0.05 மி.மீ. வேலைகளுக்கு இது தாராளம்.

பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இவர்களிடமோ வேறு யாரிடமோ கேட்டு வாங்க வேண்டியவை: வந்த நிலை, விட்ட நிலை இரண்டின் மூல அளவுகள், மூலைவிட்டம் நான்கின் வரைபடம், வெப்பநிலைப் பதிவு, காலிப்ரேஷன் செய்யும் லேபின் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரப் பட்டியலில் சி.எம்.எம். இருக்கிறதா, அதுவும் வாடிக்கையாளர் இடத்தில் செய்வதற்கு இருக்கிறதா என்பதற்கான தாள். மாதம் ஒரு தடவை நீங்களே பால் பாரையோ 300 மி.மீ. கேஜ் பிளாக்கையோ ஒரே இடத்தில் வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எண் நகர ஆரம்பித்தால் முதலில் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.