சாக்கடல் ரைபோசோமா, டெய்னோகாக்கஸா, தெர்மஸா? எதை எதுக்குப் பாக்கணும்

ரைபோசோம் (செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கிற எந்திரம்) ஸ்ட்ரக்சர் படிக்க வர்றவங்க எல்லாரும் கேக்குறது, எந்த அணு எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல் இத்தனை கிடக்கே, எதை எடுத்து வச்சுப் பாக்குறதுன்னுதான். ரைபோசோம் ரெண்டு துண்டு சேர்ந்தது, அதுல பெரிய சப்யூனிட், அதாவது 50எஸ், அதுக்கு பழைய போட்டின்னா ரெண்டு பேருக்குள்ள. ஒண்ணு சாக்கடல்ல இருந்து எடுத்த ஹாலோஆர்குலா மாரிஸ்மோர்ட்டுயி, ஆர்க்கியா வகை, அதாவது பாக்டீரியா மாதிரி ஒத்த செல், ஆனா தனி குலம். இன்னொன்னு டெய்னோகாக்கஸ் ரேடியோடுரன்ஸ், கதிர்வீச்சுக்கே அசராத பாக்டீரியா. தெர்மஸ் தெர்மோஃபிலஸ் கொஞ்சம் பின்னாடி வர்ற ஆள், ஆனா கடைசில ஒரு பெரிய சண்டைய தீர்த்து வச்சது அதுவும்தான்.

முதல்ல தெளிவு. ஹாலோஆர்குலாவோட 50எஸ் 2000 ஆகஸ்ட்ல 2.4 ஆங்ஸ்ட்ராம் தெளிவுல (எண் குறைய குறைய படம் தெளிவு) வந்துச்சு, யேல்ல தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குரூப். டெய்னோகாக்கஸ் 2001ல, அடா யோனத் குரூப், 3.1 ஆங்ஸ்ட்ராம். இந்த 0.7 வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா மேப்பை (எக்ஸ்ரேல கிடைச்ச எலக்ட்ரான் அடர்த்தி படம்) திறந்து பாத்தா 2.4ல மக்னீசியம் அயனி எங்க உக்காந்திருக்கு, தண்ணி எங்க இருக்குன்னு கை வச்சு காட்டலாம், 3.1ல அந்த தைரியம் வராது. வேடிக்கை என்னன்னா ஹாலோஆர்குலா கிரிஸ்டலை வளத்து 3 ஆங்ஸ்ட்ராம் வரைக்கும் எக்ஸ்ரே டிஃப்ராக்ட் ஆகுதுன்னு 1991லயே காட்டினது யோனத் ஆளுங்கதான், அதே உயிரியை வச்சு யேல் ஆளுங்க முந்திட்டாங்க. 2009ல வேதியியல் நோபல் ஸ்டைட்ஸ், யோனத், நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன்னு மூணு பேருக்கும் சேர்ந்து போச்சு. ராமகிருஷ்ணன் செஞ்சது தெர்மஸோட சின்ன சப்யூனிட் 30எஸ், அதனால இந்த 50எஸ் பஞ்சாயத்துல அவர் இல்ல.

உப்புல வாழ்ற ஜீவியோட ரைபோசோம் அந்த உப்பை எப்படி தாக்குப்பிடிக்குது? இந்த ஹாலோஆர்க்கியா எல்லாம் வெளிய இருக்கிற உப்போட அழுத்தத்தை சமாளிக்க உள்ளயும் பொட்டாசியம் குளோரைடை மோலார் கணக்குல ஏத்தி வச்சுக்கும். நம்ம புரோட்டீனை அந்த உப்புல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி படிஞ்சிடும். அதனால இதுங்களோட புரோட்டீன் மேல்பரப்பு பூரா ஆஸ்பார்ட்டேட், குளூட்டமேட்னு நெகட்டிவ் சார்ஜா நிரம்பி இருக்கும். இங்கதான் சிக்கல், ரைபோசோம் புரோட்டீன் பிடிச்சிக்க வேண்டியது ஆர்என்ஏவை, அதுவே நெகட்டிவ், ரெண்டு நெகட்டிவ் எப்படி சேரும்? ஸ்ட்ரக்சர்ல பாத்தா பதில் கண்ணுக்கு தெரியுது: உருண்டையா இருக்கிற தலைப்பகுதி வெளிப்பக்கம் நெகட்டிவா உப்புத்தண்ணிய பாத்துக்கிட்டு இருக்கு, ஆர்என்ஏவுக்குள்ள நுழையுற நீளமான வாலும் வளையமும் மட்டும் லைசின், ஆர்ஜினின்னு பாசிட்டிவ். டெய்னோகாக்கஸ்ல இந்த பிரிவினை இவ்ளோ அப்பட்டமா தெரியாது. உப்பு அடாப்டேஷன் படிக்கணும்னா ஹாலோஆர்குலா தவிர வேற எங்கயும் போக வேண்டாம்.

யோனத் தரப்போட எதிர்வாதமும் இந்த உப்புலதான் ஆரம்பிக்குது. யேல் கிரிஸ்டல் அந்த செல்லுக்குள்ள இருக்கிற உப்பு அளவுல இல்ல, அதனாலதான் எல்1 கை, எல்7/எல்12 காம்பு மாதிரி (இந்த எல் எண்ணெல்லாம் பெரிய சப்யூனிட் புரோட்டீன் பேரு) வெளிய நீட்டி அசையுற பாகங்கள் எல்லாம் மங்கிப்போச்சு, டெய்னோகாக்கஸ்ல இயல்பான நிலைமைக்கு பக்கத்துல எடுத்ததால நிறைய தெரியுதுன்னாங்க. 3045 நியூக்ளியோடைட்ல 2833தான் யேல் ஆளுங்க கட்ட முடிஞ்சது, 31 புரோட்டீன்ல 27தான், அதனால அந்த குற்றச்சாட்டுல உண்மை இருக்கு. ஆனா அதை வச்சு 'செத்த ரைபோசோம்'னு ஒதுக்குறது ஓவர், ஏன்னா 2002லயே கிரிஸ்டலுக்குள்ள சப்ஸ்ட்ரேட்டை (வினைக்கு வேண்டிய மூலப்பொருள்) ஊற வச்சு பெப்டைட் பாண்ட், அதாவது அமினோ அமிலங்களை இணைக்கிற பிணைப்பு, போட வச்சுட்டாங்க. வேலை செய்யுற இடம் நல்லாவே வேலை செய்யுது. அந்த இடத்துலருந்து சுமார் 18 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள ஒரு புரோட்டீனும் இல்ல, வினையை நடத்துறது ஆர்என்ஏதான்னு அடிச்சு சொல்ல முடிஞ்சதும் இந்த ஃபைலாலதான்.

மருந்து பக்கம் வந்தா கதை மாறுது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எல்லாம் உக்கார்றது புரோட்டீன் வெளிய வர்ற டனலோட உள்பக்க வாசல்ல, ஈ.கோலை (லேப்ல வழக்கமா வச்சுப் பாக்குற பாக்டீரியா) ஆர்என்ஏவோட எண்ணுல 2058வது இடத்துல இருக்கிற அடினின்கிட்ட. ஹாலோஆர்குலால அதுக்கு நேர் இடம் 2099, அங்க அடினினுக்கு பதில் குவானின். நம்ம சைட்டோபிளாச ரைபோசோம்லயும் அங்க குவானின்தான், மாத்திரை பாக்டீரியாவை மட்டும் பிடிக்கிறதுக்கு அது ஒரு முக்கிய காரணம். அப்போ ஆர்க்கியாவை வச்சு ஆன்டிபயாட்டிக் டிசைன் பண்ணலாமான்னு கேள்வி வருமில்ல, அதுக்கு மேல யேல் படத்துலயும் டெய்னோகாக்கஸ் படத்துலயும் மருந்து உக்கார்ற விதமே வேறயா இருந்துச்சு, இனத்துக்கு இனம் மாறும்னு ஒரு கட்சி, இல்ல மேப் தெளிவு பத்தலன்னு ஒரு கட்சி. 2005ல யேல்ல அந்த ஒரே ஒரு குவானினை அடினினா மாத்தின மியூட்டன்ட் செஞ்சு எரித்ரோமைசினை உக்கார வச்சாங்க. 2010ல தெர்மஸ் 70எஸ் (ரெண்டு சப்யூனிட்டும் சேர்ந்த முழு ரைபோசோம்), ஈ.கோலை 70எஸ் ரெண்டுலயும் எடுத்த படங்கள் அந்த மியூட்டன்ட் காட்டின போஸோட ஒத்துப்போச்சு. இந்த விஷயத்துல டெய்னோகாக்கஸ் பழைய படத்தை நம்பி டாக்கிங் (கம்ப்யூட்டர்ல மருந்தை பொருத்திப் பாக்குறது) பண்ணாதீங்க, தெர்மஸோ ஈ.கோலையோ எடுங்க, மியூட்டன்ட் இல்லாத ஹாலோஆர்குலாவையும் எடுக்காதீங்க.

பரிணாமத்துக்கு எனக்கு ஹாலோஆர்குலாதான். அளவுல பாக்டீரியா மாதிரி 70எஸ், ஆனா உள்ள இருக்கிற புரோட்டீன் லிஸ்ட் நம்ம பக்கத்து ஆளு. பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியாட் (நம்ம, ஈஸ்ட் மாதிரி நியூக்ளியஸ் உள்ள செல்)னு மூணு குலத்துக்கும் பொதுவா 34 ரைபோசோம் புரோட்டீன் குடும்பம், ஆர்க்கியாவுக்கும் யூகேரியாட்டுக்கும் மட்டும் 33, ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் மட்டும் பங்கு போட்டுக்கிற ஒண்ணு கூட கிடையாது. டனலுக்குள்ளயே இதைப் பாக்கலாம்: ஹாலோஆர்குலால எல்39ஈ-ன்னு உருண்டை தலையே இல்லாத ஒரு குட்டி புரோட்டீன் ஆர்என்ஏவுக்குள்ள நூல் மாதிரி ஓடும், ஈஸ்ட்லயும் இருக்கு. டெய்னோகாக்கஸ்ல அது இல்ல, அந்த காலி இடத்துக்கு எல்23 தன் வளையத்தை நீட்டி விட்டிருக்கு. ஜார்ஜியா டெக்ல லோரன் வில்லியம்ஸ் குரூப் ஹாலோஆர்குலாவையும் தெர்மஸையும் வச்சு நடுவுலருந்து வெளிய ஓடு ஓடா ஒப்பிட்டாங்க, நடுப்பகுதி ரெண்டுலயும் ஒரே மாதிரி, வெளிய போகப்போக வித்தியாசம் கூடுது.

ஒரு எச்சரிக்கை, ஹாலோஆர்குலா ஒரே செல்லுக்குள்ள ரெண்டு விதமான 16எஸ் (சின்ன சப்யூனிட்டோட ஆர்என்ஏ) வச்சிருக்கும், சுமார் 5 சதவீதம் வித்தியாசம், சூடு ஏறும்போது ஒரு வகை அதிகமா வேலை செய்யும். 16எஸ்ஸை வச்சு பரிணாம மரம் போடுறவங்க இதுல மாட்டிக்காதீங்க. ஜீனை மாத்தி பாக்குற வேலைன்னா ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியை எடுங்க, அதுவும் சாக்கடல் சேத்துல கிடைச்சதுதான், லேப்ல அதை கையாள்றது எவ்ளோ சுலபம்னா ஹாலோஆர்க்கியா ஜெனெடிக்ஸ் ஆளுங்க பாதிப்பேர் கைல அதுதான் இருக்கும்.