வில்கி காலின்ஸ் முழுத்தொகுப்பு ஈபுக்: நாவலை விட நாடகத்துக்காக வாங்கலாம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்துல நாவலாசிரியராவும் நாடகாசிரியராவும் பேர் வாங்கினவர் வில்கி காலின்ஸ், 1824ல பொறந்து 1889ல இறந்துட்டாரு. அவரோட நாவல், சிறுகதை, நாடகம் எல்லாத்தையும் ஒரே ஈபுக்கா ஒரு பதிப்பகம் போட்டிருக்கு, அதைப் பத்திதான் இந்த ரிவ்யூ. வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம், ஆனா நாவலுக்காக இல்ல. நாவல் எல்லாம் காப்பிரைட் முடிஞ்சு எப்பவோ இலவசமா கிடைக்குது, நாடகங்களைத்தான் தேடிப்பிடிக்கிறது கஷ்டம், சிலது எல்லாம் அந்தக் காலத்துல காப்பிரைட்டைக் காப்பாத்திக்க கொஞ்சம் காப்பி அச்சடிச்சதோட சரி.

நாடகம் எதுக்கு அவ்வளவு முக்கியம்னா, 1852ல வந்த 'பேசில்' நாவலோட முன்னாடி பக்கத்துலயே அவர் சொல்லிட்டாரு, நாவலும் நாடகமும் கூடப்பொறந்த ரெட்டைங்க, ஒண்ணு சொல்லிக்காட்டுற நாடகம், இன்னொண்ணு நடிச்சுக்காட்டுற நாடகம்னு. கடைசி வரைக்கும் அப்படித்தான் எழுதினாரு. அதனால அவர் நாவலை மட்டும் படிச்சுட்டு நாடகத்தை விட்டுட்டா பாதி ஆளைத்தான் பார்த்த மாதிரி.

இது நல்லா தெரியிறது 'நோ நேம்'ல, 1862ல வந்தது, எனக்கு அவர் எழுதினதுலயே ரொம்பப் பிடிச்ச நாவல் இதுதான். அப்பா அம்மா அடுத்தடுத்து இறந்துடறாங்க, அப்புறம்தான் தெரியுது பொண்ணுங்க பொறந்தப்போ அவங்க சட்டப்படி கல்யாணம் ஆனவங்களே இல்லன்னு, இதுல கொடுமை என்னன்னா சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி சந்தோஷமா போய் முறைப்படி கல்யாணம் பண்ணிக்கிறாங்க, அந்தக் கல்யாணத்தாலயே பழைய உயில் செல்லாம போயிடுது, சொத்து மொத்தமும் ஒதுங்கியிருந்த பெரியப்பா கைக்குப் போயிடுது. அக்கா நோரா பொறுத்துக்கிட்டு வேலைக்குப் போறா. தங்கச்சி மாக்டலன் விடமாட்டேங்குறா, மேடையில தனியா பல வேஷம் போட்டு நடிச்சு சம்பாதிக்கிறா, அப்புறம் அதே நடிப்பை வச்சே சொத்தைத் திருப்பி வாங்க இறங்குறா.

இந்தக் கதையை காலின்ஸ் எட்டு 'காட்சி'யா பிரிச்சிருக்காரு, ஒவ்வொரு காட்சிக்கும் மேல எந்த வீடு எந்த ஊருன்னு நாடகத்துல போடுற மாதிரியே போட்டு, ரெண்டு காட்சிக்கு நடுவுல வெறும் கடிதங்களை வச்சு கதையை நகர்த்துவாரு. நடிக்கப் பொறந்த ஒரு பொண்ணோட கதையை நாடக வடிவத்துலயே சொல்றது எவ்வளவு யோசிச்சு செஞ்ச வேலை பாருங்க. இந்த ஈபுக்ல என்ன பண்ணியிருக்காங்கன்னா அந்தக் காட்சித் தலைப்பு எல்லாத்தையும் எடுத்துட்டு அத்தியாயம் 1, 2, 3ன்னு நேரா நம்பர் போட்டுட்டாங்க, கடிதங்களும் அதுலயே கலந்துடுச்சு. எனக்கு இதுல நிஜமாவே கோபம். முதல்முறையா படிக்கிறவங்களுக்கு அப்படி ஒரு அமைப்பு இருந்ததுன்னே தெரியாம போயிடும்.

அப்படியும் அந்த ஆல்டபரோ கடற்கரை இடம் வந்தா எல்லாத்தையும் மறந்துடுவீங்க. பிடிக்காத ஒருத்தனைக் கட்டிக்கணும், விடியிற நேரம், மாக்டலன் கையில லாடனம்ங்கற அபின் மருந்து பாட்டில். ஜன்னல்கிட்ட உக்காந்து அரை மணி நேரத்துக்குள்ள எத்தனை கப்பல் கடந்து போகுதுன்னு எண்ணுறா, இரட்டைப்படையா வந்தா உயிரோட இருக்கலாம், ஒற்றைப்படையா வந்தா பாட்டிலைக் குடிச்சுடலாம்னு தனக்குத்தானே முடிவு பண்ணிக்கிறா. ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம், தூரத்துல பாய்மரம், வேற எதுவும் இல்ல அந்தப் பக்கங்கள்ல, ஆனா ஒவ்வொரு கப்பலுக்கும் நமக்கு மூச்சு நின்னுடுது. எத்தனை வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்.

'தி வுமன் இன் வொயிட்' பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, 1859 நவம்பர்ல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸோட வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சு 1860 ஆகஸ்ட் வரைக்கும் ஓடுன தொடர். காலின்ஸ் சட்டம் படிச்சு வக்கீலா பதிவும் பண்ணிக்கிட்டாரு, தொழில் மட்டும் பண்ணல, அந்தப் படிப்பு எல்லாம் இங்க வந்து இறங்கியிருக்கு, ஒவ்வொரு பாத்திரமும் கோர்ட்ல ஏறி சாட்சி சொல்ற மாதிரி தனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடும். மேரியன்னு ஒரு பாத்திரம், அவளோட டைரிக்குள்ளயே வில்லன் ஃபோஸ்கோ வந்து தன் கையெழுத்துல எழுதி வைக்கிற இடம் இருக்கே, படிக்கிற நம்ம புத்தகத்தையே யாரோ தொட்ட மாதிரி உடம்பு சிலிர்த்துடும்.

ஆனா இங்கயும் ஒரு குறை. கதையோட முடிச்சே ஒரு தேதியிலதான் இருக்கு, யார் எந்த நாள் லண்டன் வந்தாங்கங்கறதுதான் சாட்சியமே. முதல் பதிப்பு வந்தப்போ தி டைம்ஸ் பத்திரிகை விமர்சனத்துல இந்தத் தேதிக் கணக்கு ரெண்டு வாரம் உதைக்குதுன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, காலின்ஸும் ஒத்துக்கிட்டு அடுத்து வந்த பதிப்புல திருத்திட்டாரு. அப்போ முழுத்தொகுப்பு போடுறவங்க எந்தப் பதிப்பை எடுத்திருக்கோம்னு ஒரு வரி போடணுமா வேண்டாமா? எங்கயும் இல்ல.

அடுத்து 'தி மூன்ஸ்டோன்', 1868. ஸ்ரீரங்கப்பட்டணத்துல 1799ல திப்பு சுல்தான் கோட்டை விழுந்தப்போ ஒரு ஆங்கிலேய அதிகாரி கொலை பண்ணி எடுத்துட்டுப் போன வைரம், யார்க்‌ஷயர்ல ஒரு வீட்டுக்கு வந்து ஒரு பொண்ணோட பிறந்தநாள் ராத்திரியே காணாம போகுது. கதவுல காயாத பெயின்ட் ஒரு இடத்துல மட்டும் லேசா அழிஞ்சிருக்கும், லோக்கல் போலீஸ்காரர் இதெல்லாம் ஒரு விஷயமான்னு தள்ளிடுவாரு, லண்டன்ல இருந்து வந்த சார்ஜன்ட் கஃப் அந்த இடத்துலதான் நிப்பாரு, யாரோட துணி அதுல பட்டுச்சுன்னு. பின்னாடி வந்த எவ்வளவு துப்பறியும் கதைக்கு இந்த ஒரு கதவு வழி விட்டிருக்கு. இந்த நாவலை எழுதுறப்போ காலின்ஸோட அம்மா இறந்துட்டாங்க, அவருக்கு வாத வலி தாங்கல, வலிக்கு அதே லாடனத்தைத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தாரு, சில பகுதிகளை படுக்கையில இருந்தபடியே சொல்லச் சொல்ல எழுத வச்சிருக்காரு.

இந்த இடத்துலதான் தொகுப்பு காசுக்குப் பெறும். இதையே அவரே 1877ல நாடகமாக்கினாரு, அதுவும் உள்ள இருக்கு. நாவலை முடிச்ச கையோட அதைப் படிங்க. மொத்தக் கதையும் ஒரே வீட்டுக் கூடத்துல ஒரே நாளுக்குள்ள முடிஞ்சிடுது, வைரத்தைத் தேடி வர்ற இந்தியர்கள் இல்ல, ரோசன்னாங்கற வேலைக்காரப் பொண்ணு இல்ல, டாக்டரோட உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ் இல்ல. என்னைக் கேட்டா உயிரே போயிடுச்சு. ஆனா எதை எல்லாம் எடுத்தா அந்த நாவல் செத்துப்போகும்னு எழுதினவர் கையாலயே நமக்குத் தெரிய வருது, எந்த விமர்சனப் புத்தகமும் இவ்வளவு தெளிவா சொல்லித்தராது.

நாடகமா தனியாவே நிக்கிறது 'தி ஃப்ரோசன் டீப்'. வடதுருவப் பயணம் போய் மாட்டிக்கிட்ட ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே பொண்ணு மேல காதல். 1857 ஜனவரில டிக்கன்ஸ் தன் வீட்டுலயே மேடை போட்டு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான ரிச்சர்ட் வார்டரா தானே நடிச்சாரு, அதே வருஷம் விக்டோரியா ராணியும் பார்த்தாங்க, 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' எழுதற எண்ணம் இந்த நாடகத்துல நடிக்கிறப்போதான் வந்துச்சுன்னு டிக்கன்ஸே அந்த நாவல் முன்னுரையில எழுதியிருக்காரு. காலின்ஸ் 1874ல இதைக் கதையா மாத்தி எழுதினதும் தொகுப்புல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிச்சா வார்டரோட கடைசிக் காட்சி நாடகத்துலதான் நெஞ்சை அடைக்குது.

'ஆர்மடேல்' நாவல் ரொம்ப நீளம், ஆனா அதுல வர்ற வில்லி லிடியா க்வில்ட்டோட டைரிப் பகுதிக்காக விடாதீங்க. பிற்கால நாவல்கள் எல்லாமே ஒரே தரம் இல்ல, சமூகத்துக்கு ஏதாவது சொல்லியே ஆகணும்னு உக்காந்து எழுதினது நிறைய. அதுல 'தி லா அண்ட் தி லேடி' மட்டும் கண்டிப்பா படிக்கலாம், புருஷன் மேல இருக்கிற கொலைப் பழியைப் போக்க பொண்டாட்டியே துப்பறிய இறங்குறா, 1875லயே.

டெக்னிக்கலா பார்த்தா எழுத்துப்பிழை கம்மி, நாவல் பகுதியில லிங்க் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. நாடகப் பகுதியிலதான் வசனமும் மேடைக்குறிப்பும் ஒரே எழுத்துல ஒட்டிக்கிட்டு வருது, யார் பேசுறாங்கன்னு ரெண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கு. அஞ்சுக்கு மூணரை குடுக்கிறேன், காட்சித் தலைப்புகளைத் திருப்பி வச்சா நாலரை. சாம்பிள் டவுன்லோட் பண்ணா முதல் நாவல் மட்டும்தான் வரும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, உள்ளடக்கப் பக்கத்துல நாடகங்கள்ங்கற பகுதி கடைசியில இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.