பாஸ்போர்ட் சேவா கேந்திரா: உள்ளே நாலரை ஸ்டார், அதற்கப்புறம் ஒன்று

அம்மாவுக்குப் புது பாஸ்போர்ட் எடுத்த கதை இது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் விண்ணப்பம், 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், நமக்குத் தோதான நாளில் அப்பாயின்ட்மென்ட். சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருந்த பழைய பாஸ்போர்ட் ஆபீஸில் விடியற்காலையிலேயே வரிசை போட்ட காலத்தை நினைத்தால் இது வேறு உலகம்.

உள்ளே டோக்கன் வாங்கினால் எந்த கவுன்ட்டர் என்று திரைதான் சொல்கிறது, அதனால் ஆளைப் பிடித்து முன்னால் போகிற வேலையெல்லாம் நடக்காது. 'ஏ' கவுன்ட்டரில் இருப்பவர்கள் டிசிஎஸ் என்ற தனியார் கம்பெனியின் ஊழியர்கள். போட்டோ, கைரேகை, ஸ்கேன் எல்லாம் அங்கே. 'பி', 'சி' இரண்டிலும் அரசு அதிகாரிகள். சரிபார்ப்பதும் ஒப்புதல் தருவதும் அவர்கள்தான். இனிஷியலோடு வாழும் நமக்கு சர்நேம் கட்டம் எப்போதும் தலைவலி, நாங்களும் காலியாகத்தான் விட்டிருந்தோம். 'ஏ' கவுன்ட்டர் பையன் அதைப் பார்த்துவிட்டு, "துபாய் போறதா இருந்தா ஒத்தைப் பேரா விடாதீங்கம்மா, விசிட் விசாவுக்குச் சிக்கல் பண்ணுவாங்க" என்று அவனாகவே சொல்லித் திருத்திக் கொடுத்தான். தம்பி இருப்பது துபாயில்தான்! கேட்காமலே இப்படி ஒரு உதவி சர்க்கார் காரியத்தில் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் வந்தது போலீஸ் வெரிஃபிகேஷன். காவல் துறை மாநிலத்தின் கையில், வெளியுறவு அமைச்சகத்தின் டோக்கனும் திரையும் அங்கே செல்லாது. எங்கள் பகுதி ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார், மரியாதையாகத்தான் பேசினார், பேப்பரைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், அப்புறமும் கிளம்பவில்லை. "பார்த்துச் செய்யுங்க சார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பர்ஸை எடுத்துவிட்டார். ஏன் கொடுத்தாய் என்றால், "வழக்கம்தானேப்பா, நாளைக்கு ஏதாவது எழுதிட்டா?" என்கிறார். காலையில் அந்த மையத்தை அவ்வளவு புகழ்ந்தவரும் இவரேதான். 2008இல் டிசிஎஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டு இத்தனை ஆண்டுகளாகக் கட்டிய சிஸ்டத்தின் பெயரை, அது ஆளவே முடியாத ஒரு ஆள் ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிட்டுப் போகிறார். மையத்தை விட்டு வரும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். நியாயமாக அது இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் வேண்டும், ஆனால் போலீஸ் வந்து போனதைப் பற்றி யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. போகிறவர்கள் ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வாசலில் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் காசு கொடுக்காதீர்கள், உள்ளே அதற்குத் தேவையே இல்லை.