ஆட்டுப்பாலா, பவுடர் பாலா?

தாய்ப்பூனை காய்ச்சலில் படுத்துவிட்டது, குட்டிகள் பசியில் கத்துகின்றன. பாம்பன் பக்கம் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

கிடைப்பது: ஆட்டுப்பால் பக்கத்து வீட்டிலேயே உண்டு. பூனைக்குட்டிக்கான பவுடருக்கு ராமநாதபுரமோ மதுரையோ போகவேண்டும். ஆன்லைனில் வாங்கினால் நாளாகும். பச்சைக்குட்டி அதுவரை தாங்காது.

செலவு: ஆட்டுப்பால்தான் மலிவு.

சத்து: சிக்கலே இங்கேதான். பூனைப்பாலின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆட்டுப்பாலில். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை பசும்பாலைப் போலவே இருப்பதால் வயிறும் போகலாம். குட்டி நாளுக்கு 10 கிராமாவது ஏறவேண்டும். மீன் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஆட்டுப்பால் கொடுத்த 2 நாளும் எண் நகரவேயில்லை.

பத்திரம்: பவுடர் இந்த உப்புக்காற்றில் கட்டி தட்டிவிடும். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஓரிரு நாள் சமாளிக்க ஆட்டுப்பால் போதும். கண் திறக்காத குட்டி, தாய் தேற வாரம் ஆகும் என்றால் பவுடர்தான். பசும்பால் வேண்டவே வேண்டாம்.

எதுவானாலும் வெதுவெதுப்பாக, குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள், மல்லாத்தினால் புரையேறும். அப்புறம் ஈரப்பஞ்சால் வாலடியில் மெல்லத் துடைத்துவிடுங்கள். சுமார் 3 வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது.