பரணில் ஓதம்: கேமராவா, ஈரமானியா, தண்ணீர்க் குழாயா?

பெங்களூர் அல்சூரில் நாங்கள் இருப்பது மங்களூர் ஓடு போட்ட பழைய வீடு. ஓட்டுக்கும் கீழே உள்ள மரப்பலகைக்கும் நடுவில், ஆள் குனிந்து போகும் அளவுக்குப் பரண் உண்டு. இரண்டு மழைக்காலமாக நடு அறையின் மேலே பழுப்புக் கறை பரவிக்கொண்டே வந்தது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வழியும் செய்து பார்த்துவிட்டேன். இன்றைக்கு யார் கேட்டாலும், கூரை மேல் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதைத்தான் சொல்வேன்.

முதலில் வந்தது வெப்பக் கேமரா. ஆள் வந்து அரை மணி நேரத்தில் படம் எடுத்து, கறைக்கு நேர் மேலே நீலமாக இருக்கிறது என்று காட்டினார். அங்கே எட்டு ஓடு மாற்றினோம். அடுத்த மழையில் அதே இடத்தில் ஒழுகியது. கேமரா அளப்பது மேற்பரப்பின் வெப்பநிலை. ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது, அதனால் நீலமாகத் தெரிகிறது. ஓட்டு இடுக்கில் குளிர்காற்று நுழைந்தாலும் அதே நீலம்தான். காய்ந்த நாளில் வந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஈரமானி மலிவு. இரண்டு ஊசியைக் குத்தினால் எண் காட்டும். மரத்துக்கு நம்பலாம்: 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போக வாய்ப்பு அதிகம். சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிறகும் எண் ஏறியே நிற்கும்.

இந்த இரண்டும் ஈரம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எங்கே நுழைந்தது என்று சொல்லாது. ஓட்டு வீட்டில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. மேலே ஒரு இடத்தில் புகும் தண்ணீர், கைமரத்தின் அடிப்பக்கமாகவே வழிந்து, ஒரு முடிச்சிலோ, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தின் ஆணியிலோ தட்டி, பல அடி தள்ளிச் சொட்டும். கறைக்கு நேர் மேலே தேடுகிறவர் நல்ல ஓட்டைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்.

குழாய் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் தர்மபுரிப் பக்கத்து மேஸ்திரி. "கீழேர்ந்து மேல போங்க சார், மொதல்லயே முகட்டுல ஊத்துனா எங்க பூந்துச்சுன்னே தெரியாது" என்றார். கூரை நன்றாகக் காய்ந்த நாளில், கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்துப் பக்கம் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். பரணுக்குள் ஒருவர் டார்ச்சோடு இருக்க வேண்டும். வேகமாகப் பீய்ச்சக் கூடாது; குழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பி அடித்தால் மழை ஒருநாளும் போகாத இடுக்கிலெல்லாம் தண்ணீர் ஏறிப் பொய்க் காட்டும். பரணில் இருப்பவர் பலகையை மிதிக்காமல் உத்திரத்தின் மேல் கால் வைக்க வேண்டும். அங்கே ஒயர் ஓடினால் மெயினை அணைத்துவிடுங்கள்.

ஓட்டில் எதுவும் இல்லை. சோலார் வெந்நீர் பைப் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்துக்குக் குழாயைக் கொண்டுபோன நாலாவது நிமிடம், உள்ளேயிருந்து என் மனைவி, "வருது, வருது, நிறுத்துங்க!" என்றாள். பைப்பைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் விரிந்திருந்தது. கறையிலிருந்து ஏழடி மேலே!

இதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை உண்டு: கறை எப்போது வளர்கிறது என்று குறித்துவையுங்கள். காவிரித் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பும் நாளில் வளர்ந்தால் பைப்பைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் பரவலாக முத்து முத்தாகப் பூத்தால், உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து படிகிறது, காற்றோட்டம்தான் வேண்டும். தகரக் கூரையில் இது அதிகம். ஆனால் அங்கே குழாய் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. சமதளக் காங்கிரீட் மாடியென்றால் தண்ணீரைத் தேக்கிப் பார்ப்பார்கள். 5 செ.மீ. தேக்கினால் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை ஏறும். கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும் தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கறைக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. பைப்பைச் சுற்றித் தகரக் கழுத்து வைத்து அடைத்த அன்று, கறையின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். செப்டம்பர், அக்டோபர் மழை இரண்டும் போயாயிற்று. கோட்டைத் தாண்டவில்லை.