செக்‌ஷன் வரைய கியூஜிஐஎஸ், கிராஃப் தாள், முப்பரிமாண மென்பொருள்: பல வருடம் புழங்கிய பிறகு

கர்நாடகத் தங்கப் பட்டைகளில் தேடல் வேலை செய்கிறேன். ட்ரில் ஹோல் செக்‌ஷனுக்கு (நிலத்தைச் செங்குத்தாக வெட்டித் துளைகளைக் காட்டும் படம்) இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "சார், எது நல்லது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். காசு கிடையாது. ஜியோசயின்ஸ் என்றொரு பிளகின் இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொண்டால் போதும். துளை வாயின் இடமும் உயரமும் ஒரு அட்டவணை, ஆழத்துக்கு ஆழம் திசையும் சாய்வும் இன்னொன்று, எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை என்ன பாறை, எவ்வளவு தங்கம் என்பது மூன்றாவது. இவை சுத்தமாக இருந்தால் செக்‌ஷன் தானாக வந்து நிற்கும். சுத்தமாக இருந்தால்தான். கீழ்நோக்கிய சாய்வைச் சிலர் -60 என்று எழுதுவார்கள், சிலர் வெறும் 60. இரண்டும் ஒரே கோப்பில் கலந்தால் பாதித் துளைகள் வானத்தைப் பார்த்துப் போகும். அது கண்ணில் பட்டுவிடும், பரவாயில்லை. சுரங்கத்துக்கென்று வகுத்த உள்ளூர் கிரிட் (கட்டக் கோடுகள்) திசையையும் உலகப் பொது வரைபடக் கட்டமான யுடிஎம் திசையையும் கலந்து வைத்திருப்பதுதான் மோசம். படம் பார்க்க அழகாகவே இருக்கும், தப்பு தெரியாது.

துளைக்குள் திசையும் சாய்வும் அளக்கும் சர்வே விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. துளை நேராகப் போகாது. ஆழம் போகப் போகச் சாய்வு குறைந்து மேலெழும், பாறையின் படலத்தை (அடுக்கடுக்கான இழையை) செங்குத்தாக வெட்டப் பார்த்துத் திரும்பும். 200 மீட்டர் துளை சராசரியாக 5 பாகை விலகினாலே அடிப்பகுதி 17 மீட்டர் தள்ளிப் போய்விடும். தங்கம் இருக்கும் நரம்பான லோடின் அகலமே 2 மீட்டர் என்றால் யோசித்துப் பாருங்கள். இரும்புப் பட்டைப் பாறை உள்ள இடத்தில் காந்த ஊசிக் கருவி காட்டும் திசையை நம்பக் கூடாது, காந்தத்தைச் சாராத கைரோ கருவிதான். ஒரு ஒப்பந்தக்காரர் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் நிறைந்த பாறைக்குள் காந்தக் கருவியை இறக்கி, பக்கத்துப் பக்கத்து அளவுகளில் திசை தாறுமாறாகக் குதித்த அறிக்கையைக் கையெழுத்துப் போட்டே கொடுத்தார்.

இனி சாய்வுக் கணக்கு. கோலாரின் சாம்பியன் லோடு வடக்கு-தெற்காக ஓடி மேற்கே செங்குத்தாய்ச் சரியும். ஹட்டியில் ரீஃப் எனப்படும் லோடுகளும் மேற்குச் சாய்வுதான். அதனால் மேற்கே நின்று கிழக்கு நோக்கித் துளைப்பது வழக்கம். 70 பாகை மேற்கே சாயும் லோடை 60 பாகைத் துளை 50 பாகைக் கோணத்தில் வெட்டும். கோரில் (துளையிலிருந்து எடுக்கும் பாறைத் தண்டில்) 5 மீட்டர் என்றால் உண்மைத் தடிமன் 3.8 மீட்டர். அதே லோடில் செங்குத்தாகத் துளைத்தால் கோரில் 10 மீட்டர் கிடைத்தாலும் நிஜம் 3.4 மீட்டர்தான். மென்பொருள் கோரின் நீளத்தை அப்படியே வண்ணம் பூசிக் காட்டும். பார்க்கிறவருக்கு வாயில் எச்சில் ஊறும்.

இன்னொன்று, ஒரு தாளுக்கு எடுக்கும் பட்டையின் அகலம். செக்‌ஷன்கள் 50 மீட்டர் இடைவெளியில் இருந்தால் இரு பக்கமும் 25 மீட்டர் எடுத்து, அதற்குள் வரும் துளைகளை ஒரே தாளில் இறக்குவோம். செக்‌ஷன் கோடு லோடின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் அந்தத் துளைகள் தப்பான இடத்தில் விழும். இல்லாத ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) ஒன்று அப்போது முளைக்கும்.

அப்புறம் பென்சிலும் தாளும். இதை ஏன் விடமாட்டேன் என்றால், துளைகளுக்கு நடுவே இருப்பதை எந்த மென்பொருளும் பார்த்ததில்லை. அச்செடுத்த செக்‌ஷனில், கோரில் அளந்த படலக் கோணங்களைத் துளைக் கோட்டின் மேல் சின்னச் சின்னக் கீற்றாகப் போடுவேன். பூமிக்குள் எப்படி இருந்தது என்று திசை குறித்த கோர் இல்லையென்றால் 50 பாகைக் கோணம் எந்தப் பக்கச் சாய்வு என்றே தெரியாது. அங்கே மேற்பரப்பில் அளந்த சாய்வுதான் துணை. இதற்கெல்லாம் பிறகுதான் அஸ்ஸே எண்களை, அதாவது ஆய்வகம் சொல்லும் தங்க அளவை, பார்ப்பது. ஒரு செக்‌ஷனில் இரண்டு துளைகளிலும் நல்ல கிரேடு (தங்கச் செறிவு). நேர்கோடு இழுத்தால் அழகாகச் சேரும். கீற்றுகளோ மேல் துளையில் மேற்கே சாய்ந்து, கீழ்த் துளையில் கிழக்கே திரும்பின. அது ஒரே நேரான லோடு அல்ல, மடிப்பின் இரு கைகள். அடுத்த துளையை எங்கே வைப்பது என்பதே இதனால் மாறிப்போகும்.

விலையுயர்ந்த முப்பரிமாண மென்பொருள் பற்றிக் கடைசியாக. வேகம் அபாரம், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், மேலதிகாரிகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் லோடின் போக்கை நாம் சொல்லிக் கொடுக்காமல் பொத்தானை அழுத்தினால், நல்ல கிரேடு வந்த ஒவ்வொரு இடத்தையும் சுற்றி ஒரு போண்டாவைப் பொரித்து வைக்கும். செக்‌ஷனில் வரைந்த கோடுகளை உள்ளே கொடுத்தபின்தான் அது உருப்படியான வடிவம் தருகிறது. பத்துத் துளை உள்ள இடத்துக்கு இது தேவையே இல்லை. நூற்றுக்கணக்கில் துளைகளும் பக்கத்தில் சுரங்கமும் இருந்தால் இது இல்லாமல் முடியாது.

என் பழக்கம்: கியூஜிஐஎஸ்ஸில் 1:500 அளவில், வடக்கு நோக்கிய பார்வையில், ஏ3 தாளை நிமிர்த்தி அச்செடுப்பேன். 60 பாகையில் போன 200 மீட்டர் துளை முழுசாக அடங்கிவிடும், கிழக்குப் பக்கம் கொஞ்சம் வெள்ளையும் மிஞ்சும். அழி ரப்பர் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.