நிப்பா, தூரிகையா?

நினைவிலிருந்து ஒரு பழைய வீட்டை வரைகிறீர்கள். அதன் கூரைக்கு மேலே ஒரு மீன் நீந்துகிறது. கையில் கருப்பு மை மட்டும்தான். மையில் தொட்டு வரையும் நிப் இதற்கு நல்லதா, தூரிகையா?

நிப்பை அழுத்தினால் அதன் பிளவு விரிந்து கோடு தடிக்கும். விட்டால் முடிபோல மெலியும். ஓடு ஓடாக, செதில் செதிலாக வரைய இதுதான் சரி. கோடுகளை நெருக்கிப் போட்டால் கண்ணுக்குச் சாம்பல் நிறம் தெரியும். அங்கே சாம்பல் மையே கிடையாது! ஆனால் மேல்நோக்கித் தள்ளினால் முனை காகிதத்தில் குத்தி மை தெறிக்கும். அரக்கு கலந்த இந்திய மை என்றால் அடிக்கடி துடைக்கவும் வேண்டும், காய்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

தூரிகை வேறு மாதிரி. ஒரே இழுப்பில் இருட்டு வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது, மை பாதி வற்றிய தூரிகை. சொரசொரப்பான காகிதத்தில் இழுத்தால் கோடு அங்கங்கே விட்டுப்போகும், வெள்ளை எட்டிப்பார்க்கும். பாதி மறந்த முகம் அப்படித்தானே நினைவுக்கு வருகிறது? கை பழகத்தான் நாளாகும்.

வீட்டுக்கு நிப், அதைச் சுற்றிய இரவுக்குத் தூரிகை என்று சேர்த்தும் வரையலாம். ஒன்றுதான் என்றால் நான் தூரிகையை எடுப்பேன். மீனுக்குச் செதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.